பரோசாவில் இரண்டு நாள்: சின்ன ஒயின் ஆலைகள், நல்ல சாப்பாடு – முழுமையான வழிகாட்டி

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதியான பரோசாவுக்கு முதல் தடவை போனபோது ஏழு ஒயின் ஆலைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். நாலாவது இடத்திலேயே நாக்கு மரத்துவிட்டது. ஐந்தாவதில் என்ன குடித்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. ஆறையும் ஏழையும் வாசலோடு பார்த்துவிட்டு, மதியம் சாப்பிடாத தலைவலியோடு அடிலெய்டு திரும்பினோம். கார் ஓட்டியது என் மனைவி. அன்று அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து வந்த உறவினர், நண்பர்கள் என்று பலரை அங்கே அழைத்துப் போய்விட்டேன். இப்போது ஒரே கணக்குத்தான்: ஒரு நாளைக்கு மூன்று இடம், நடுவில் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு மதியச் சாப்பாடு. மற்ற எல்லா ஏற்பாடும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

போவதற்கு முன் கொஞ்சம் கதை

பரோசா, தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம். பெரமாங்க், ஞாட்ஜுரி, கௌர்னா மக்களின் பூர்வீக நிலம் இது. ஸ்பெயினின் பர்ரோசாவில் 1811-இல் நடந்த போரின் நினைவாக, 1837-இல் கர்னல் வில்லியம் லைட் இந்தப் பெயரை வைத்தார். அந்த ஸ்பானிய ஊரின் பெயரை எழுதும்போது எழுத்து மாறிப்போய், பிழையோடே நிலைத்துவிட்டது. 1842-இல் பிரஷ்யாவின் சைலீசியாவிலிருந்து மத நெருக்கடிக்குத் தப்பி வந்த லூத்தரன் கிறிஸ்தவர்கள் பெத்தனி என்ற கிராமத்தை அமைத்துக் குடியேறினார்கள். இன்றைக்கும் கடைப் பலகையில், கல்லறையில், ரொட்டியில், தொத்திறைச்சியில் அந்த ஜெர்மன் வாடை இருக்கிறது.

ஒயின் விஷயத்தில் பரோசாவின் பெருமை அதன் கிழட்டுக் கொடிகள். 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா என்ற பேன் அளவுப் பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. அங்கே இப்போது நிற்கும் கொடிகளில் பெரும்பாலானவை அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஒட்டுக்கட்டியவை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி நுழையவே இல்லை. அதனால் 1843-இல் நட்ட கொடி தன் சொந்த வேரிலேயே நின்று இன்றும் காய்க்கிறது. பரோசாவில் கொடிகளுக்கு வயதை வைத்துப் பட்டமே உண்டு: 35 வயதைத் தாண்டினால் ‘பழையது’, 70-ஐத் தாண்டினால் ‘பிழைத்தது’, 100-ஐத் தாண்டினால் ‘நூற்றாண்டு’, 125-ஐத் தாண்டினால் ‘மூதாதை’. இந்த வகைப்பாடு 2009-இல் வந்தது.

‘பிழைத்தது’ என்ற பட்டத்துக்குப் பின்னால் ஒரு வேதனை இருக்கிறது. 1980-களில் திராட்சை விலை படுத்துவிட்டது. கொடியைப் பிடுங்கிப் போட்டால் பணம் தருகிறோம் என்று அரசே சொன்னது. நூறு வயதுக் கொடிகள் டிராக்டரில் கட்டி இழுக்கப்பட்டன. அந்தக் காலத்தில், பழைய கொடியின் பழத்தைத் தேடிப் போய் நியாய விலை கொடுத்து வாங்கிய சின்ன ஆலைக்காரர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களால்தான் மிச்சம் தப்பியது. பெரிய பிராண்டுகளின் கண்ணாடி மாளிகைகளை விட்டுவிட்டுச் சின்ன இடங்களுக்குப் போகச் சொல்வதற்கு எனக்கு இது ஒரு காரணம்.

படி 1: நாளைக் குறிப்பது

அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அப்போது போனால் ஊர் முழுக்கப் புளித்த மாவு மாதிரி ஒரு வாசம் வீசும். டிராக்டர்கள் பழத்தோடு சாலையில் ஊர்ந்து போகும். பார்க்க அழகுதான், ஆனால் ஆலைக்காரர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும், வேலையும் ஓய்ந்திருக்கும். என் ஓட்டு மே மாதத்துக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர், ஆனால் கணப்பு அடுப்பருகே உட்கார்ந்து ஷிராஸ் என்ற கனத்த சிவப்பு ஒயினைக் குடிக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஜனவரி வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் கனமான சிவப்பு ஒயினை யார் ரசிப்பார்கள்?

கிழமை முக்கியம். சின்ன இடங்கள் பல செவ்வாய், புதனில் திறப்பதில்லை. திறக்கும் நாளிலும் மாலை ஐந்துக்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். ‘மாலையில் போய்க்கொள்ளலாம்’ என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது. கிறிஸ்துமஸ், புனித வெள்ளியன்று ஊரே மூடியிருக்கும். வெள்ளி மதியம் போய்ச் சேர்ந்து, சனிக்கிழமை முழுக்க இருந்து, ஞாயிறு மாலை திரும்புவதுதான் வசதி. சனிக்கிழமை காலையை ஏன் விடக்கூடாது என்று சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

படி 2: யார் வண்டி ஓட்டுவது?

அடிலெய்டிலிருந்து புறநகர் ரயில் காலர் என்ற ஊர் வரைதான் போகும். பரோசாவுக்குள் பயணிகள் ரயில் இல்லை. ஊபரை நம்பிப் போகவே போகாதீர்கள். ஆக மூன்று வழி: குழுவில் ஒருவர் குடிக்காமல் ஓட்டுவது, அடிலெய்டிலிருந்து கிளம்பும் சுற்றுலா வேனில் இடம் பிடிப்பது, பரோசாவின் நடுவிலுள்ள தனுண்டா ஊரில் தங்கி உள்ளூர் டாக்சியையோ ஓட்டுநரோடு வரும் காரையோ முன்கூட்டியே பேசி வைப்பது. காலரிலிருந்து தனுண்டா வழியாக ஆங்காஸ்டன் வரை சைக்கிள் பாதை உண்டு. ஆனால் போதையில் சைக்கிள் ஓட்டுவதும் குற்றம்தான்.

‘கொஞ்சம்தானே ஊற்றுகிறார்கள், நானே ஓட்டிவிடுவேன்’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ருசி பார்க்க ஊற்றுவது ஒரு தடவைக்கு 30 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வகை என்றால் 180 மில்லி. பரோசா ஷிராஸில் ஆல்கஹால் 14.5 சதவீதம் சர்வசாதாரணம். அப்படியானால் ஓர் இடத்திலேயே சுமார் 20 கிராம் ஆல்கஹால் உள்ளே போய்விடுகிறது. ஆஸ்திரேலியக் கணக்கில் 10 கிராம் என்பது ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’. ஆக, ஓர் இடத்துக்கு இரண்டு, மூன்று இடத்துக்கு ஆறு. இங்கே சுகாதார வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஓட்டுநருக்கு ரத்த ஆல்கஹால் வரம்பு 0.05, கற்றுக்கொள்பவர்களுக்கும் புது உரிமக்காரர்களுக்கும் பூஜ்யம். போலீஸ் எந்த முக்கில் வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள்.

ஓட்டுகிறவருக்கு ஒரு நியாயம் செய்யுங்கள்: அவருக்குப் பிடித்த ஒயினை ஒரு பாட்டில் வாங்கிக் கொடுங்கள், இரவு அறைக்குப் போய்க் குடிக்கட்டும். எங்கள் வீட்டில் இது எழுதப்படாத சட்டம்.

படி 3: முன்பதிவு

நாலு பேருக்கு மேல் போனால் கட்டாயம் முன்பதிவு செய்யுங்கள். இரண்டு பேர் என்றாலும் வார இறுதியில் செய்வது நல்லது. ருசி பார்க்கப் பெரும்பாலான இடங்களில் கட்டணம் உண்டு. பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துக்கொள்வார்கள். இலவசமாக ஊற்றிய காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. காசு கொடுத்துவிட்டால், வாங்கியே ஆக வேண்டும் என்ற கூச்சமில்லாமல் வெளியே வரலாம். டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். தங்குவதற்குத் தனுண்டா நல்லது: நடுவில் இருக்கிறது, இரவுச் சாப்பாட்டுக்கு நடந்தே போகலாம்.

படி 4: எந்தெந்த இடம்?

ருசி பார்க்கும் இடத்துக்குச் செல்லார் டோர் என்பதுதான் இங்கே எல்லாரும் சொல்லும் பெயர். ஆலையோடு ஒட்டிய ஒரு அறை, ஒரு மேடை, அதன் பின்னால் ஊற்றிக் கொடுத்துப் பேசும் ஒருவர். சின்ன இடம் என்று நான் சொல்வதற்கு அளவுகோல் எளிது: ஊற்றிக் கொடுப்பவரிடம் ‘இந்தப் பழம் எந்தத் தோட்டத்துடையது?’ என்று கேட்டால் ஜன்னல் வழியாகக் கை நீட்டியோ, பக்கத்து விவசாயியின் பெயரைச் சொல்லியோ பதில் வரவேண்டும். அட்டையைப் பார்த்துப் படித்தால் அது வேறு ரகம்.

இடங்களைத் திசை பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் பாதி நாள் காரிலேயே போய்விடும்.

*தெற்கு, கிரான்டார்ஃப் சாலை.* ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே போங்கள். ராக்ஃபோர்டில் பழைய கல் கட்டடங்கள், 19-ஆம் நூற்றாண்டு இயந்திரங்கள். இன்னமும் அவற்றை வைத்துத்தான் பழம் நசுக்குகிறார்கள். ராபர்ட் ஓகாலகன் 1984-இல் தொடங்கிய இடம். கூடை போன்ற மரச்செக்கில் பிழியும் ‘பாஸ்கெட் பிரஸ்’ ஷிராஸ்தான் இவர்களின் அடையாளம். அது எப்போதும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஏமாற வேண்டாம், அலிகான்டே பூஷே என்ற இளஞ்சிவப்பு ஒயினைக் கேளுங்கள். பெரும்பாலான கறுப்புத் திராட்சைக்கு உள்ளே சதை வெளுப்பாக இருக்கும். இந்தத் திராட்சையின் சதையே சிவப்பு. வெயில் நாளில் குளிரவைத்துக் குடிக்க அருமை.

அதே சாலையில் சார்லஸ் மெல்டன். இவர்களின் ‘நைன் போப்ஸ்’ என்ற ஒயினுக்குப் பெயர் வந்த கதை வேடிக்கை. பிரான்ஸின் ஷாதோநேஃப்-டு-பாப் என்ற பெயருக்கு ‘போப்பின் புதுக் கோட்டை’ என்று அர்த்தம். பிரெஞ்சில் ‘புது’வுக்கும் ‘ஒன்பது’க்கும் ஒரே சொல். அர்த்தம் மாறிப்போய் ‘ஒன்பது போப்புகள்’ ஆகிவிட்டது. கிரெனாஷ், ஷிராஸ், மாட்டாரோ என்ற மூன்று திராட்சையும் கலந்த ஒயின் அது.

*தனுண்டா ஊரை ஒட்டி.* லாங்மைலில்தான் 1843-இல் நட்ட ‘ஃப்ரீடம்’ ஷிராஸ் கொடிகள் இருக்கின்றன. அடிமரம் முருங்கைக் கிளை மாதிரி முறுக்கிக்கொண்டு, இடுப்பளவுதான் உயரம். டர்க்கி ஃப்ளாட்டின் ஷிராஸ் கொடிகள் 1847-ஐச் சேர்ந்தவை. ருசி பார்க்கும் அறை ஒரு காலத்தில் கசாப்புக் கடையாக இருந்தது.

*மேற்கு, கிரீனாக் – செப்பல்ட்ஸ்ஃபீல்ட்.* கிரீனாக்கில் காலெஸ்கி குடும்பம் 1853 முதல் திராட்சை பயிரிடுகிறது, இப்போது உயிர்ம முறையில். செப்பல்ட்ஸ்ஃபீல்ட் சின்ன இடம் இல்லைதான், ஆனால் என் விதிக்கு ஒரே விலக்கு இது. 1878-இல் பென்னோ செப்பல்ட் தன் சிறந்த போர்ட் வகை இனிப்பு ஒயினை ஒரு பெரிய பீப்பாயில் நிரப்பி, நூறு வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாது என்று வைத்தார். அதிலிருந்து வருஷம் தவறாமல் ஒரு பீப்பாய். 1978-இலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு நூறு வயது ஒயின் வெளியே வருகிறது. தனியாகக் கட்டணம் கட்டினால், நீங்கள் பிறந்த வருஷத்துப் பீப்பாயிலிருந்தே ஊற்றித் தருவார்கள். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வந்த ஒரு நண்பர் அங்கே கண் கலங்கினார். நூறு வயது ஒயின் சில சொட்டுகள்தான் கிடைக்கும். ஆவியாகி ஆவியாகிச் சுண்டியதால் கருப்பட்டிப் பாகு மாதிரி கிண்ணத்தில் ஒட்டும். வாயில் வைத்தால் பாகின் இனிப்பு, பின்னாலேயே பழம்புளியின் வெட்டு. அப்புறம் அரை மணி நேரம் வேறு எதுவும் ருசிக்காது. அதனால் இதை நாளின் கடைசி இடமாக வையுங்கள். போகும் வழியில் இரு பக்கமும் ஈச்சை மரங்கள் வரிசையாக நிற்கும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்த தொழிலாளர்களைக் கைவிடாமல் இருக்க நட வைத்தவை.

*கிழக்கு, ஈடன் பள்ளத்தாக்கு.* பெயர்தான் பள்ளத்தாக்கு, உண்மையில் மேட்டு நிலம். குளிர் அதிகம், ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினுக்குப் பேர்போனது. ஹென்ஷ்கி குடும்பத்தின் ‘ஹில் ஆஃப் கிரேஸ்’ என்ற ஒயின் இந்தப் பக்கம்தான். அதன் விலையைக் கேட்டுவிட்டு அமைதியாக ரீஸ்லிங் வாங்கி வந்துவிடலாம்.

குழந்தைகள் கூட வந்தால் நடுவில் விஸ்பரிங் வால் போய் வாருங்கள். 1902-இல் முடிந்த வளைவான அணைச் சுவர். ஒரு முனையில் கிசுகிசுத்தால் 140 மீட்டர் தள்ளி மறு முனையில் தெளிவாகக் கேட்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரோசா என்றாலே அதுதான்.

எங்கே போனாலும், கேட்காமல் கொடி வரிசைக்குள் இறங்காதீர்கள். புகைப்படத்துக்காகக்கூட வேண்டாம். அந்த ஃபிலாக்சராப் பூச்சி செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. விக்டோரியா மாநிலத்தின் தோட்டங்களைச் சுற்றிவிட்டு நேராக வருகிறவர்கள் அதே காலணியோடு வரவே கூடாது.

படி 5: மேடைக்கு முன்னால்

முதலில் வாசனை. அன்றைக்கு சென்ட், ஆஃப்டர்ஷேவ் எதுவும் வேண்டாம். ஊரிலிருந்து வந்தவர்கள் பவுடரும் தலையில் மல்லிகைச் சரமுமாக வந்தால், அவர்கள் கிண்ணத்தில் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர் கிண்ணத்திலும் மல்லிகைதான் மணக்கும்.

வரிசை அவர்களே சொல்வார்கள்: வெள்ளை, இளஞ்சிவப்பு, மெலிந்த சிவப்பான கிரெனாஷ், கனத்த ஷிராஸ், கபர்னே, கடைசியில் இனிப்பு. கிண்ணத்தைத் தண்டில் பிடியுங்கள். மேசையில் வைத்தபடியே ஒரு சுற்று சுற்றி, மூக்கை நன்றாக உள்ளே விடுங்கள். ஒரு வாய் எடுத்து, ரசம் சூடாக இருக்கும்போது உறிஞ்சுவோமே, அப்படிக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வந்தால் பரவாயில்லை, அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

அப்புறம் துப்புங்கள். மேடையில் ஒரு சாடி இருக்கும். நம் தாத்தா பாட்டி வெற்றிலைக்கு வைத்திருந்த படிக்கம்தான் அது. எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஆலைக்காரர்கள் துப்புகிறவரைத்தான் மதிப்பார்கள். விஷயம் தெரிந்தவர் என்று அடுத்த பாட்டிலை எடுத்து வருவார்கள். பிடித்த ஒன்றிரண்டை மட்டும் விழுங்குங்கள்.

ருசியை எப்படிச் சொல்வது என்று பயப்பட வேண்டாம். ஒயின் பேச்சில் எல்லாரும் திணறும் ஒரு விஷயம் டானின். பழத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும். நமக்கு அதற்குப் பிறந்ததிலிருந்தே ஒரு சொல் இருக்கிறது: துவர்ப்பு. வாழைப்பூ, பாக்கு, நெல்லிக்காய் தின்ற வாய்க்கு ஷிராஸின் துவர்ப்பு ஒன்றும் புதிதல்ல. இளம் ஒயினில் பாக்கு மாதிரி இழுக்கும்; பத்து வருஷம் கழித்து அதே ஒயினில் அது பட்டு மாதிரி ஆகிவிடும். பழ வாசனைக்கும் அவர்கள் சொல்லும் பிளாக்பெரியைத் தேடாதீர்கள். எனக்கு பரோசா ஷிராஸில் எப்போதும் நாவல் பழம்தான். ஈடன் பள்ளத்தாக்கு ஷிராஸில் அதன் மேல் மிளகு தூவினாற்போல் இருக்கும்.

போன வருஷம் சித்தப்பாவை அழைத்துப் போயிருந்தேன். பத்து வயது ரீஸ்லிங் ஒன்றை முகர்ந்தவர் என்னைத் தனியாக இழுத்து, “டேய், இதுல மண்ணெண்ணெய் வாசம் வருதுடா. ரேஷன்ல ஊத்துவானே, அதே வாசம். கெட்டுப் போச்சோ என்னவோ, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு” என்றார். நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஊற்றிக் கொடுத்த பெண் கையைத் தட்டாத குறை. வயதான ரீஸ்லிங்கின் அடையாளமே அந்த வாசம்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய் என்றுதான் அவர்களும் சொல்வார்கள். அதற்கப்புறம் சித்தப்பாவுக்குத்தான் முதலில் ஊற்றினார்கள்.

கேட்க வேண்டிய ஒயின் ஒன்று சொல்கிறேன்: ஸ்பார்க்ளிங் ஷிராஸ். நுரைக்கும் சிவப்பு ஒயின், குளிரவைத்துக் குடிப்பது, ஆஸ்திரேலியாவின் சொந்தச் சரக்கு. முதல் வாயில் குழம்பிப் போவீர்கள். இரண்டாம் வாயில் பிடித்துவிடும்.

சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கலங்கல் போக ஒயினைத் தெளியவைக்கச் சில ஆலைகள் முட்டை வெள்ளை, பால் புரதம், அல்லது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைப் பயன்படுத்துகின்றன. முட்டையும் பாலும் என்றால் லேபிளில் போட வேண்டும். மீனுக்கு விலக்கு இருக்கிறது, போடத் தேவையில்லை. அதனால் லேபிளை நம்பாமல் ‘வீகனா?’ என்று நேராகவே கேளுங்கள். இப்போது பலர் ஆமாம் என்றுதான் சொல்கிறார்கள்.

படி 6: சாப்பாடு

வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள். அதற்குத்தான் சனிக்கிழமை காலை. ஆங்காஸ்டன் பக்கம் வின்ட்னர்ஸ் ஷெட்ஸில் உழவர் சந்தை, காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும். எட்டு மணிக்குப் போய்விடுங்கள். முட்டை, ரொட்டி, தேன், ஆலிவ், அந்தந்தக் காலத்துப் பழம். விற்பவரே விளைத்தவர். அங்கேயே சுடச்சுடக் காலை உணவை முடித்துவிட்டு, மதியத்துக்குப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வாங்கிக்கொள்ளலாம்.

தனுண்டாவில் ஏபெக்ஸ் பேக்கரி 1924-இலிருந்து விறகு அடுப்பில் சுடுகிறது. ஸ்ட்ராய்சல்குகன் கேளுங்கள்: ஈஸ்ட் போட்டு உப்பிய மாவின் மேல் வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்துச் சுட்ட கேக். காபியில் தொட்டுத் தின்றால் ஊர் பேக்கரி பன் நினைவுக்கு வரும். பீனன்ஷ்டிஷ் என்றால் மேலே தேனும் பாதாமும், நடுவில் கஸ்டர்டும்.

இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு மெட்வுர்ஸ்ட். புகைபோட்டுப் பதப்படுத்திய தொத்திறைச்சி, பூண்டு மணக்கும். பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தது. விலக்கு உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சதகுப்பை போட்ட வெள்ளரி ஊறுகாய் எல்லாருக்கும் பொது. குளிர்காலத்துக்காக ஊறப்போடுவது, புகைபோடுவது, உலர்த்துவது என்று வாழ்ந்த விவசாயக் குடும்பங்களின் சமையல் இது. வற்றலும் வடாமும் போட்ட நமக்கு அந்த வாசம் அந்நியமாக இருக்காது.

எங்கேயாவது ரோட்டெ க்ரூட்செ என்ற இனிப்பைப் பார்த்தால் விடாதீர்கள். ஜெர்மனியில் இதைச் செம்பழங்களை வைத்துச் செய்வார்கள். பரோசாவில் அந்தப் பழத்துக்கு எங்கே போவது? கறுப்புத் திராட்சைச் சாற்றில் ஜவ்வரிசியைப் போட்டுக் காய்ச்சிவிட்டார்கள். குளிரவைத்து மேலே பாலேடு ஊற்றித் தருவார்கள். பார்த்ததும் சித்தப்பா சொன்னது: “இது நம்ம ஜவ்வரிசிப் பாயசம், கலர் மட்டும் மாத்திட்டான்.”

இரவில் காரம் தேடினால் தனுண்டாவில் ஃபெர்மென்ட்ஏஷியன் என்ற வியட்நாமிய உணவகம் இருக்கிறது. மூலிகையும் காரமும், கூடவே நல்ல ஒயின் பட்டியல். காசு பார்க்காமல் ஒரு நீண்ட மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் ஹென்ட்லி ஃபார்மில் வரிசையாகப் பரிமாறும் விருந்து உண்டு. அங்கே போகும் நாளில் வேறு ஓர் ஒயின் இடம் போதும், மூன்று வேண்டாம்.

சைவர்கள் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், அதுவும் விவரமாக: இறைச்சி, மீன், முட்டை இல்லை, மாட்டு எலும்பு சூப்பில் வெந்ததும் இல்லை. நான் ஒரு தடவை சொல்ல மறந்து அத்தையை ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன். வந்த தட்டில் ஆலிவும் ரொட்டியும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும். அதையும் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதி போட்டு உறைய வைத்திருப்பார்கள் என்று மகன் தன் அறிவைக் காட்ட, அத்தை கையை எடுத்துவிட்டார். கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்துவைத்து, காலையில் கட்டி வந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டார். அன்றைக்கு எல்லாரையும்விட நன்றாகச் சாப்பிட்டது அவர்தான். அதிலிருந்து எங்கள் காரில் எப்போதும் ஒரு டப்பா எலுமிச்சை சாதம் உண்டு. சொந்தச் சாப்பாட்டைத் தோட்டத்துப் புல்வெளியில் வைத்துச் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் சரி என்பார்கள், சொந்தமாக உணவகம் நடத்தும் இடங்களில் கூடாது என்பார்கள்.

ஒவ்வொரு கிண்ணம் ஒயினுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். இதை மட்டும் மறக்காதீர்கள். கர்ப்பிணிகளும் மாத்திரை எடுப்பவர்களும் ருசி பார்க்கக்கூட வேண்டாம். திராட்சைச் சாறோ நல்ல காபியோ கிடைக்கும். 18 வயதுக்குக் கீழே யாருக்கும் ஊற்ற மாட்டார்கள்.

படி 7: வாங்குவதும் கொண்டுபோவதும்

மேடை முன்னால் நிற்கும்போது எல்லாமே அருமையாகத்தான் இருக்கும். உடனே வாங்காமல், பிடித்ததைக் கைபேசியில் குறித்துக்கொண்டு, வெளியே பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்து யோசியுங்கள். சென்னையில் கிடைக்காததை, அடிலெய்டுக் கடையில்கூடக் கிடைக்காததை வாங்குங்கள். எங்கும் கிடைக்கும் பிராண்டைச் சுமந்து போவதில் என்ன இருக்கிறது?

பாட்டில்களைக் கார் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு ஜனவரியில் ஆறு பாட்டிலை அப்படி அவித்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்த் திறந்தால் பழ வாசமே இல்லை, வேகவைத்த திராட்சை மாதிரி ஒரு சப்பென்ற ருசி. ஒரு குளிர்ப்பெட்டியும் பழைய போர்வையும் போதும்.

இந்தியாவுக்குக் கொண்டுபோனால் பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர் மதுவரை சுங்கவரி இல்லை. அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வையுங்கள், கைப்பையில் பாதுகாப்புச் சோதனை தாண்டாது. ஒரே கடையில் 300 டாலருக்கு மேல் வாங்கி, 60 நாளுக்குள் நாட்டை விட்டுக் கிளம்பினால், விமான நிலையத்தில் விற்பனை வரியையும் ஒயின் வரியையும் திரும்பக் கேட்கலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே சுங்க மேசையில் பாட்டிலைக் காட்டிவிட வேண்டும், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கார்க் திருகி தேட வேண்டாம். 2000-இல் பக்கத்து கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங்காரர்கள் ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். இப்போது இங்கே நல்ல ஒயினும் திருகு மூடியில்தான் வருகிறது. மலிவு என்று நினைத்து ஒதுக்காதீர்கள்.

வீட்டில் திறக்கும்போது ஷிராஸை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பிய அறையின் கணக்கு. சென்னை மே மாத அறைக்கு அது பொருந்தாது. இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். ஆட்டுக்கறிச் சுக்காவுக்கு மிளகு வாசமுள்ள ஈடன் ஷிராஸ். மீன் குழம்பின் புளிக்கும் காரத்துக்கும் முன்னால் சிவப்பு ஒயின் நிற்காது, துவர்ப்பும் காரமும் சேர்ந்து வாயை எரிக்கும். அதற்குக் கொஞ்சம் இனிப்பு ஒட்டிய ரீஸ்லிங், நன்றாகக் குளிரவைத்து. சித்தப்பா கொண்டுபோன இரண்டு பாட்டிலில் ஒன்று மண்ணெண்ணெய் ரீஸ்லிங். பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அதை முகரக் கொடுத்துவிட்டு, “என்ன வாசம், சொல்லு பாக்கலாம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.